மானோடு நின்ற சிவலை

அறுபதுகளில் நான் கலியாணம் முடித்துக் கிளிவெட்டிக்கு வந்தபோது, சீதனத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிவலைப் பசுதான். அது முதற்கன்று சுமந்திருந்த கோடையில் என் கணவர் காட்டோரப் புல்வெளிக்கு நெருப்பு வைத்தார். ஊர்வழக்கம் அதுதான். காய்ந்த புல்லை எரித்தால் மழைக்கு இளம்புல் முளைக்கும். மாடும் தின்னும், மானும் மரையும் தின்னும். ஆனால் மற்றவர்கள் மழைக்கு வானம் இருட்டிய பிறகு எரிப்பார்கள். இவருக்குப் பொறுமை ஏது?

மழை வரவில்லை. தரை அடுப்புச் சாம்பல்போலக் கிடந்தது. மேய்ச்சல் இல்லாமல் மான்கள் எங்கேயோ போய்விட்டன. மான் போனால் சிறுத்தைப்புலி பட்டினியா கிடக்கும்? பக்கத்து வளவுக் கன்றை இழுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஒருநாள் என் சிவலையும் பட்டிக்குத் திரும்பவில்லை.

"இஞ்சேருங்கோ, உங்கட நெருப்புத்தான் என்ர மாட்டைத் திண்டது" என்றேன். சோற்றுக் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். மனுசன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார். நாள் முழுக்கத் தேடிக் களைத்து வந்திருந்தார். அது தெரிந்தும் எனக்குக் கோபம் ஆறவில்லை. வயிற்றில் கன்றோடு போன மாடல்லவா?

மூதூரிலிருந்து விறகுக்கு வண்டி கட்டி வரும் முஸ்லிம் அண்ணன்தான், நாங்கள் காக்கா என்போம், செய்தி கொண்டுவந்தார்.

"தங்கச்சி, உள்காட்டில பாலைமரத்துக்குக் கீழ மான்கூட்டம் நிக்குது. அதுக்குள்ள ஒரு சிவலை மாடும் நிக்குது. உங்கடயோ தெரியா."

அவருடைய வண்டியிலேயே நானும் கணவரும் ஏறிப் போனோம். மரமெல்லாம் குரங்குகள். பழத்தில் பாதியைக் கடித்துவிட்டு மீதியையும் கொப்புகளையும் கீழே எறிந்துகொண்டிருந்தன. கீழே மான்கள் பொறுக்கித் தின்றன. நடுவில் என் மாடு, வயிறு முட்டத் தின்றபடி!

எங்களைக் கண்டதும் மேலிருந்து ஒரு குரங்கு குரைத்தது. மான்கள் பாய்ந்தோடின. என் சிவலையும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவற்றோடு ஓடியது. புலியிடம் அது எப்படித் தப்பியது என்று அப்போதுதான் விளங்கியது. ஆறுதலில் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"நீர் கூப்பிடும். என்ர குரலுக்கு வராது" என்றார் கணவர். தவிடு வைக்கும்போது அழைப்பதுபோல அழைத்தேன். நின்றது. மெல்லத் திரும்பி வந்து என் கையை நக்கியது.

மாரியில் அது ஒரு நாகுக்கன்று போட்டது. அடுத்த கோடை தொடங்கியதும் தீப்பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வானம் இருட்டும்வரை திறப்பு என் இடுப்பில்தான் இருந்தது.