அந்த அதிகாரி என்னைத் தேடி வரவில்லை

திருப்பூர் தனி மாவட்டமாவதற்கு நாலைந்து வருடங்களுக்கு முன்னால், நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து முன்பே திருப்பூருக்கு வந்து டெய்லர்களாக இருந்தார்கள். நான் பி.காம். முடித்துவிட்டுப் பின்னால் வந்தேன்.

அதுவரை அந்தக் கம்பெனியில் வேலை உத்தரவு என்று யாரிடமும் ஒரு காகிதம் கிடையாது. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பி, ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஃபைல் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கியதால்தான் என்னை எடுத்தார்கள். எனக்குக் கொடுத்த உத்தரவில் முதல் ஆறு மாதம் புரொபேஷன் என்று இருந்தது. அப்படியென்றால் என்ன என்று முதலாளியிடமே கேட்டேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவிநாசிப் பக்கம் தோட்டம், மானாவாரிக் காடு உள்ள குடும்பம்.

"ஆறு மாசம் உங்களைப் பார்ப்பமுங்க. நல்லாருந்தா வெச்சுக்குவம்."

"என்ன பாப்பீங்க சார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது பார்க்கறப்பத்தான் தெரியுமுங்க" என்றார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. அவர் என் மேஜையைக் கடந்து போகும்போதெல்லாம் எதைப் பார்க்கிறார் என்று நான் அவரைப் பார்ப்பேன். ஒருநாள் மேஜையிலிருந்த என் சாப்பாட்டுத் தூக்கைப் பார்த்தார். மறுநாளிலிருந்து அதைக் கீழே வைத்தேன். இன்னொரு நாள் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

எங்கள் கட்டிங் மாஸ்டர் சேவூர்க்காரர். நாற்பதை நெருங்கிய, உயரமான, பேச்சுக் குறைந்த மனிதர். துணியை அடுக்கி மெஷினால் அவர் வெட்டும்போது சுற்றி நின்று பார்க்கத் தோன்றும். நான் சேர்வதற்கு மூன்று மாதம் முன்னால்தான் அவரும் சேர்ந்திருந்தார். ஆனாலும் வேலைத் திறமையைப் பார்த்து, துணி குடோன் சாவியை முதலாளி அவரிடமே கொடுத்து வைத்திருந்தார். அவரைப் பற்றி எனக்கு இரண்டு விஷயங்கள் புரியாமல் இருந்தன.

ஒன்று, ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை அரை நாள் லீவு எடுப்பார். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதுவார். ஒருமுறை கேட்டதற்கு, "கோயமுத்தூர் வரைக்கும் போகோணுமுங்க அம்மிணி" என்றதோடு சரி.

மற்றொன்று, நான் சேர்ந்த இரண்டாம் மாதம் நடந்தது. பனியன் கையின் அளவு குறைந்த பீஸ்களைத் தூக்கிக்கொண்டு ஒரு டெய்லர் கட்டிங் டேபிளுக்கு வந்தான். எல்லார் முன்னாலும் கத்தினான். கத்தினதோடு நிற்காமல் மாஸ்டரின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். மாஸ்டர் ஒரு கையால் தள்ளியிருந்தாலே அவன் விழுந்திருப்பான். அவர் மெஷினை அணைத்தார். காலரிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். நேராகக் குழாயடிக்குப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வெகுநேரம் முகம் கழுவினார். திரும்பி வந்து, "இப்பப் பீஸைக் காட்டுங்க தம்பி" என்றார். துணி சுருங்கிப்போனதுதான் காரணம், வெட்டு சரி என்று பிறகு தெரிந்தது. பயந்தாங்கொள்ளி என்று செக்கிங் பெண்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயந்தவர் விரல்களை அவ்வளவு பொறுமையாக எடுக்கமாட்டார்.

ஐந்தாம் மாதம் முடிந்த சமயம், ஒரு மதியம். முதலாளி சென்னைக்குப் போயிருந்தார். வாட்ச்மேன் வேகமாக வந்து, "அம்மிணி, புரொபேஷன் ஆபீசராமுங்க. கவருமெண்டுங்க" என்றார்.

புரொபேஷனில் இருப்பவர்களைப் பார்க்க அரசாங்கத்திலிருந்து ஆள் வருவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தலையைச் சீவிக்கொண்டேன். என் ஃபைலை எடுத்து, சான்றிதழ்களை ஒழுங்காக அடுக்கி வைத்தேன்.

வந்தவர் கையில் ரெக்சின் பையோடு, வெயிலில் களைத்துப்போயிருந்தார். தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்து முடிப்பதற்குள் ஃபைலை அவர் முன்னால் வைத்து, "அஞ்சு மாசம் முடிஞ்சிருக்கு சார். லீவு ரெண்டு நாள்தான் எடுத்திருக்கேன். அதுவும் காய்ச்சல்ல" என்றேன்.

அவர் ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"நான்தான் சார் புரொபேஷன்ல இருக்கேன். என்னையப் பாக்கத்தான வந்திருக்கீக?"

பதற்றத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நின்றதும் முகம் மாறியது. கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "அது வேற புரொபேஷன்மா. நான் நன்னடத்தை அலுவலர். கோர்ட்டு சம்பந்தப்பட்டது. வாட்ச்மேன் உள்ள விடமாட்டேன்னுட்டார், அதனால சொல்லவேண்டியதாப் போச்சு. சொல்லியிருக்கக் கூடாது."

பிறகு அவர் கேட்ட பெயர் கட்டிங் மாஸ்டருடையது. மாஸ்டர் வீடு மாறிவிட்டதால் இருப்பிடத்தையும் வேலையிடத்தையும் நேரில் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். அடிதடி வழக்கு ஒன்றில் குற்றம் உறுதியாகி, சிறைக்கு அனுப்பாமல், ஒரு வருடம் நன்னடத்தையோடு இருக்கவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் விட்டிருக்கிறது. மாதம் ஒருமுறை கோயமுத்தூரில் அவரிடம் போய் மாஸ்டர் கையெழுத்துப் போடவேண்டும். அந்த வருடத்தில் தவறினால் தண்டனை உண்டு.

"ஒழுங்கா வேலைக்கு வர்றாராம்மா?"

வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். முதல் திங்கட்கிழமைகளைப் பார்த்ததும் அவர் தலையாட்டினார்.

"யார்கிட்டயாவது சண்டை சச்சரவு?"

காலரைப் பிடித்த கதையைச் சொன்னேன். அவர் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். விரல்களைப் பற்றிச் சொன்னபோது, "ஒவ்வொண்ணாவா?" என்று கேட்டார். ஒவ்வொன்றாகத்தான் என்றேன். அதையும் எழுதினார்.

கிளம்பும்போது, "இப்படி விட்டவங்களுக்கு அந்தத் தீர்ப்பைக் காரணம் காட்டித் தகுதிக் குறைவு எதுவும் வரக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. ஆனா கம்பெனிக்காரங்க சட்டத்தைப் படிச்சுட்டா ஆளை நிறுத்தறாங்க?" என்று சொல்லிவிட்டு, குடோன் பக்கம் போய் மாஸ்டரிடம் ஐந்து நிமிடம் பேசினார்.

அன்று மாலைக்குள் கம்பெனி முழுக்கச் செய்தி பரவியிருந்தது. டைம் ஆபீஸ் பெண்ணைப் பரீட்சை பண்ண அரசாங்கத்திலிருந்து ஆள் வந்தார் என்ற செய்தி. டெய்லர்கள் வரிசையாக வந்து, பாஸா ஃபெயிலா என்று கேட்டார்கள். முடிவு தபாலில் வரும் என்றேன். அந்தத் தவறான செய்தி மாஸ்டரை மூடிப் பாதுகாத்தது. அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

வேலை முடிந்து எல்லாரும் போகும் நேரத்தில் மாஸ்டர் என் மேஜைக்கு வந்தார்.

"தெரிஞ்சுபோச்சுங்களா அம்மிணி?"

"தெரிஞ்சுபோச்சு அண்ணா. யார்ட்டயும் சொல்லலை."

"மொதலாளி கேட்டா?"

பதிவேட்டை மூடி வைத்தேன். ஒரு மாதத்தில் என் ஆறு மாதம் முடிகிறது. மாஸ்டர் அதை யோசித்திருக்கவேண்டும். "நீங்க பொய் சொல்லவேண்டாமுங்க. காலையில நானே சொல்லிப்போடறனுங்க" என்றார்.

காலையில் முதலாளி எட்டரைக்கே வந்துவிட்டார். வாட்ச்மேன் கேட்டிலேயே சொல்லியிருந்தார்.

"யாரோ ஆபீசர் உங்களைத் தேடி வந்தாராமா?"

"என்னையத் தேடி இல்லை சார்."

"அப்புறம்?"

"சொல்லவேண்டியவங்களே வந்து சொல்லுவாங்க சார். கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்க சார்."

அவர் முகம் சிவந்தது. அறைக்குள் போனார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது ஆயிற்று. கட்டிங் மெஷின் சத்தம் நிற்கவேயில்லை. மனசு மாறிவிட்டாரோ என்று நினைத்தேன். மாறியிருந்தால் நான் என்ன சொல்வேன் என்றும் நினைத்துப் பார்த்தேன். ஒன்பதரைக்கு மேல் மெஷின் நின்றது. மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைக் கடந்து உள்ளே போனார்.

சிறிது நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். நான் போனபோது முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதுல அடிச்சீங்க?"

"மம்பட்டிக் காம்புலீங்க."

"யாரை?"

"பங்காளியைங்க. கூட்டுக் கெணறுங்க. தண்ணி பாய்ச்ச ஆளுக்கொரு நாள் மொறைங்க. என்ற மொறையில அவரு மோட்டாரைப் போட்டுட்டாருங்க. அடிச்சதுல அவரு கை ஒடஞ்சுபோச்சுங்க."

"மொறைத் தண்ணியா" என்றார் முதலாளி. அவரும் கூட்டுக் கிணற்றில் தண்ணீர் பாய்ச்சிய குடும்பம்தான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து மத்தியானம் சார்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"அவரே சொல்றேன்னாரு சார்."

"அவுரு சொல்லாமப் போயிருந்தா?"

நான் மேஜையைப் பார்த்தேன். அவர் மேஜைமேல் ஒரு கிளப்பின் கடிதம் கிடந்தது. அதற்கு அவர் சார்பில் விண்ணப்பம் டைப் அடித்தவள் நான்தான். டவுனில் பெரிய ஆட்கள் சேரும் இடம். ஒரு வருடம் தற்காலிக உறுப்பினர், அதற்குள் எந்த உறுப்பினரும் ஆட்சேபிக்காவிட்டால் நிரந்தரம் என்பது விதி. அவர் அதை எடுத்து, பார்த்து, கவிழ்த்து வைத்தார். என்ன நினைத்து அப்படிச் செய்தார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் வரவில்லை. உறுப்பினரான பிறகு அங்கே அவர் இரண்டு முறைதான் போனார் என்று மட்டும் தெரியும்.

"வேலையைப் பாருங்க மாஸ்டர். குடோன் சாவியை மட்டும் வெச்சுட்டுப் போங்க" என்றார். மாஸ்டர் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அடித்ததைச் சொன்னபோது நிமிர்ந்து நின்றவர் சாவியை வைக்கும்போது குனிந்துவிட்டார்.

எனக்குப் புரொபேஷன் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. காரணம் எழுதவில்லை. வீட்டில் அப்பா, "அவன் பாட்டுக்கு அடிச்சிட்டு வந்திருக்கான், ஒனக்கு என்னளா?" என்று திட்டினார். அழுகை வந்தது உண்மை. ஆனால், முதலாளி எதைப் பார்க்கிறார் என்பது கடைசியில் தெரிந்துவிட்டதில் ஒரு விதத் திருப்தியும் இருந்தது.

அதற்குப் பிறகு மாஸ்டர் என்னிடம் கொஞ்சம் பேசுவார். நானும் ஒன்று மாற்றி ஒன்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு வருடம் கோபப்படாமல் எப்படி இருப்பது என்று கேட்டேன்.

"கோபம் வராமயெல்லாம் இல்லீங்க. வந்தா அந்த எடத்தை விட்டு நவுந்துக்கறதுங்க. பஸ்ஸுல எவனாச்சும் எடம் புடிக்கச் சண்டை போட்டா, நான் எறங்கி அடுத்த பஸ்ஸுல வருவனுங்க. ஒருநா மூணு பஸ்ஸு உட்டனுங்க."

"அந்த ஆபீசர் பாக்கறாருன்னுதானா?"

"அவுரு எங்கீங்க பார்க்கறாரு, கோயமுத்தூர்ல இருக்காரு. நாந்தேன் பார்த்துக்கிட்டே இருக்கறனுங்க. அதுதேன் அலுப்பா இருக்குதுங்க."

சாவி போய் ஆறேழு வாரம் இருக்கும். ஒரு காலை முதலாளி அதை என் மேஜைமேல் போட்டு, "கட்டிங்ல குடுத்துருங்க. ஒவ்வொருக்காவும் நானே போய்த் தெறக்க முடியறதில்லை" என்றார். வேறு விளக்கம் இல்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். மாஸ்டர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அன்று மதியம் அவர் டீ வாங்கிக் கொடுத்தார், கட்டிங்கில் எல்லாருக்கும்.

என் மூன்று மாதம் முடிந்தபோது என் நிரந்தர உத்தரவையும் நான்தான் டைப் அடிக்கவேண்டியிருந்தது. முதலாளி படித்துப் பார்த்தார். "'சிறப்பாகப் பணியாற்றி'ன்னு யாரு போடச் சொன்னது?"

"நானாத்தான் போட்டேன் சார்."

அவர் பேனாவை எடுத்தார். அந்த வார்த்தைகளை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். கையெழுத்து மட்டும் போட்டார்.

மாஸ்டரின் வருடம் அதற்குச் சில நாட்கள் கழித்து முடிந்தது. "முடிஞ்சதுன்னு பேப்பர் எதாச்சும் வருமுங்களா?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. கம்பெனி போனிலிருந்தே அந்த அதிகாரியைக் கூப்பிட்டேன். முதலில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஃபைலைக் காட்டிய பெண் என்றதும் மறுபடி சிரித்தார்.

"தானா ஒண்ணும் வராதும்மா. புகார் இல்லேன்னா காலம் அதுவா முடிஞ்சுடும். நாளைக்கு அவர் வழக்கம்போல வேலைக்கு வரலாம், அவ்வளவுதான்."

நான் மாஸ்டரிடம் அப்படியே சொன்னேன். அவருக்கு ஏமாற்றமாக இருந்தது போலிருந்தது. மறுநாள் வேலைக்கு வரவில்லை. முழு நாள் லீவு. அதற்கு அடுத்த நாள் வந்து பதிவேட்டில் எழுதும்போது, காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு 'ஊருக்குப் போனது' என்று எழுதினார்.

"பங்காளியப் பாத்தீங்களா அண்ணா?"

"பார்த்தனுங்க. கெணத்து மேட்டுல நின்னுட்டிருந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"'எப்ப வந்தே'ன்னாருங்க. 'இப்பத்தேன்'னு சொன்னனுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அவரு மோட்டாரைப் போடப் போய்ட்டாருங்க. ஒடஞ்ச கை நல்லாத்தேன் இருக்குது, அந்தக் கையாலயேதான் சுச்சைப் போட்டாரு. நான் பார்த்துட்டே நின்னனுங்க. அன்னிக்கு அவரு மொறைதானுங்க."