இரட்டைச் செம்பும் மூன்று புள்ளியும்

போன வாரம் பிராட்வே கடைத்தெருவுக்கு ஒரு குக்கர் வாங்கப் போயிருந்தேன். குக்கர் வாங்கப் போய்க் குக்கரோடு மட்டும் திரும்பி வருகிற சாமர்த்தியம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. பக்கத்து அலமாரியில் கைக்கு அடக்கமான செப்புப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன, இரண்டு பக்கமும் குட்டிக் குட்டிக் காதுகளோடு. ஓட்டல்களில் ஓர் ஆள் பிரியாணியை அதில் வைத்துக் கொடுக்கிறார்களாம். ஒன்றைக் கையில் எடுத்தேன். நான் சொல்லாமலே என் விரல் அதன் காதுக்கு அடியில் போய்த் தடவிப் பார்த்தது. "எந்தா இத்தா நோக்குன்னே?" என்றார் கடைக்காரர், என்ன அக்கா பார்க்கிறீர்கள் என்று மலையாளத்தில். "புள்ளி இருக்கான்னு பாக்குறேன்" என்றேன். பாவம், அவர் விலைச்சீட்டைத் திருப்பிக் காட்டினார்.

கூட வந்திருந்த தங்கை மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எம்.பி.ஏ. படிக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுதச் சொன்னால் மலையாள எழுத்தில் தமிழை எழுதி அனுப்புவாள், நானும் அதைத் தட்டுத் தடுமாறிப் படித்துக்கொள்வேன். "பெரியம்மா, நீங்க இத்தனை வருஷம் பிசினஸ் செஞ்சீங்கல்லே? அதுல படிச்ச பாடம் அஞ்சு சொல்லுங்க. அசைன்மென்டுக்கு வேணும்" என்றாள். பாத்திரத்தை அனுப்பும்போது மூடியை எண்ணு, கரண்டி திரும்பி வரும் என்று நம்பாதே, மழைக்காலத்தில் கிடங்கு ஜன்னலைத் திறக்காதே என்று பஸ்ஸில் ஏறுவதற்குள் மூன்று சொல்லிவிட்டேன். நான்காவதுக்கு வாயைத் திறந்தேன். வந்தது ஒரு செம்பின் ஞாபகம்தான். அதிலிருந்து என்ன பாடம் படித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்களாவது கண்டுபிடியுங்கள்.

எனக்கு மட்டாஞ்சேரியில் வாடகைப் பாத்திரக் கடை இருந்தது. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருந்த காலம் அது. வீட்டுக்குக் கீழே, ஒரு காலத்தில் மிளகு மூட்டை அடுக்கி வைத்த கிடங்கு சும்மா கிடந்தது. கல்யாணம், நேர்ச்சை, திருவிழா, காதுகுத்து என்று எங்கள் ஊரில் யாராவது எதையாவது பெரிதாகச் சமைத்துக்கொண்டே இருப்பார்கள். அதற்குச் செம்பு வேண்டும். செம்பு என்றால் தண்ணீர் குடிக்கிற சொம்பு இல்லை. ஒரு ஆட்டையே உள்ளே இறக்கிவிடலாம் போலிருக்கும் பெரிய செப்பு அண்டாவைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்.

மட்டாஞ்சேரியில் ஒரு தெருவில் பத்து வீடு இருந்தால் பத்துவிதச் சமையல். எங்களைப் போல ராவுத்தர் வீடு இருக்கும், அடுத்து கொங்கணி வீடு, அதற்கடுத்து பாலக்காட்டு ஐயர், எதிரே குஜராத்தி. அதனால் எங்கள் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான் பெரிது. கறி வெந்த பாத்திரம் சைவ வீட்டுக்குப் போகக் கூடாது. எவ்வளவு தேய்த்தாலும் கூடாது. என் கிடங்கில் அதற்காகவே இரண்டு அறை. நடுவில் ஒரு நடை. இரண்டு அறைக்கும் தனித்தனித் தேய்ப்புக்கல், தனித்தனிச் சாம்பல், புளிகூட வெவ்வேறு பானையில். மத்தியானம் மீன் சாப்பிட்டுவிட்டு சைவ அறைக்குப் போவதென்றால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் போவேன். விடுமுறையில் வந்த வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, "ராவுத்தர் வீட்டுப் பொண்ணைக் கட்டினேன்னு நினைச்சேன், மடப்பள்ளியைக் கட்டியிருக்கேன் போல" என்பார். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

எது எந்த அறை என்று தெரிவதற்கு சைவப் பாத்திரங்களின் காதில் மட்டும் மூன்று புள்ளி அடித்து வைத்திருந்தேன். பாத்திரத்தின் உடம்பிலேயே அடித்திருக்கலாம். ஆசைப்பட்டு வாங்கிய செம்பு, உளி வைத்தால் நசுங்கிவிடுமோ என்று பயம். காதில் அடித்தால் போதும் என்று நினைத்தேன். அந்தப் புத்திசாலித்தனத்தைப் பற்றித்தான் இந்தக் கதை முழுவதும்.

ஹன்ஸா பென் என் பழைய வாடிக்கைக்காரர்; பென் என்றால் குஜராத்தியில் அக்கா. குஜராத்தி ரோட்டில் வீடு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மலையாளத்தையும் தமிழையும் கலந்து கட்டி, குஜராத்தி ராகத்தில் பேசுவார். ஒவ்வொரு தடவையும் அவரே நேரில் வருவார். காதைத் தடவிப் புள்ளியைப் பார்ப்பார். பார்த்த பிறகும் என் முகத்தைப் பார்த்து, "இது நம்மட செட்டல்லே?" என்று கேட்பார். "நம்மட செட்டுதான் பென்" என்பேன். அதற்குப் பிறகுதான் பாத்திரம் வண்டியேறும். புள்ளியைத்தான் பார்த்தாயிற்றே, அப்புறம் என்னை எதற்குக் கேட்கிறார் என்று முதலில் எரிச்சலாக இருக்கும். போகப் போக அந்தக் கேள்வி வராவிட்டால் எனக்கே வியாபாரம் முடிந்த மாதிரி இருக்காது.

என்னிடம் இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு பெரிய செம்புகள் இருந்தன. ஒரே ஆள் செய்தவை, ஒரே அளவு. ஒன்றைச் சைவத்துக்கும் ஒன்றைக் கறிக்கும் வைத்திருந்தேன். ஒருமுறை இரண்டிலும் உள்ளே ஈயம் தேய்ந்து, காதுகளும் ஆடத் தொடங்கின. என் வண்டிக்காரர் முருகேசன் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஒரு நாளைக்கு எட்டுச் சாயா குடிப்பவர். "இத்தா, ரெண்டையும் ஒரே ஓட்டத்துல தோப்பும்படிப் பட்டறைக்குக் கொண்டு போயிரட்டா?" என்றார். சாதாரணமாக இரண்டையும் ஒன்றாக அனுப்பவே மாட்டேன். அன்றைக்கு எனக்கும் சோம்பல். சரி என்றேன். பட்டறையில் ஈயம் பூசி, காதை இறுக்கி, பளபளவென்று திரும்பி வந்தன. மூன்று புள்ளி இருந்ததைச் சைவ அறையில் வைத்தேன், இல்லாததை மற்ற அறையில். எவ்வளவு சுலபம், பாருங்கள்.

அடுத்த வாரம் ஹன்ஸா பென்னுடைய மகளுக்குக் கல்யாணம். ஒரே மகள். மத்தியானம் வீட்டுப் பக்கத்துப் பந்தலில் ஊருக்கே சாப்பாடு, சாயங்காலம் சடங்கு. புதிதாக ஈயம் பூசிய அந்தச் சைவச் செம்பைத்தான் கொடுத்தேன். வழக்கம் போலத் தடவினார், கேட்டார், நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னேன்.

கல்யாணத்தன்று காலை பாத்திரங்களை இறக்கிவிட்டு வந்த முருகேசன் வாசலில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார். "தோப்பும்படிப் பட்டறையில ஒரே களேபரம் இத்தா. நாலு காதையும் கழட்டி ஒரே சாக்குல போட்டு வச்சிருந்தான். அப்புறம் ஜோடி தேடித் தேடி அடிச்சான்."

நான் அவர் எதிரே போய் நின்றேன். "ஜோடி சேர்த்தான், சரி. எந்த ஜோடி எந்தச் செம்புக்குன்னு பார்த்தானா?"

"அதாரு பாக்குறது? ரெண்டும் ஒண்ணுதானே!"

முருகேசன் சாயாவைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பட்டறைக்குப் போன் செய்தேன். "செம்பு செம்புதானே இத்தா, ஏதாயாலும் எந்தா?" என்று, எதுவானால் என்னவாம் என்கிற தொனியில் பட்டறைக்காரர் சிரித்தார். ஈயத்தை உரித்துப் பார்த்தாலும் தெரியாது. கல்யாண வீட்டுக்குப் போனது சைவச் செம்பாக இருக்கலாம். பத்து வருடம் ஆட்டுக்கறி வெந்த செம்பாகவும் இருக்கலாம். உள்ளே பூசியிருப்பது புது ஈயம், அதை ஒரு எலும்புகூடத் தொட்டதில்லை. அப்படிப் பார்த்தால் எதுவும் கெடவில்லை. ஆனால் அப்படிப் பார்க்க ஹன்ஸா பென் சம்மதிப்பாரா? சொல்வதா, விடுவதா? சொன்னால் ஒரு தாயின் கல்யாண நாள் பாழ். சொல்லாவிட்டால், அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பாழ்.

மதில் மேல் பூனையாக அரை மணி நேரம் நின்றேன். பிறகு, காது கழற்றாத வேறொரு சைவச் செம்பை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு முருகேசனோடு போனேன். நாங்கள் போனபோது பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. பந்தலில் ஆட்கள் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். ஹன்ஸா பென் பச்சைப் பட்டுச் சேலையில், நெற்றியெல்லாம் வியர்வையாக எதிரே வந்தார். தனியாகக் கூப்பிட்டேன். வண்டியில் நின்ற செம்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பென், அந்தச் செம்பு... அது நம்மட செட்டுதானான்னு..."

"புள்ளி உண்டல்லே?"

"உண்டு. ஆனா காது மாறியிருக்கலாம்."

"மாறிச்சுன்னு நிச்சயமா உனக்குத் தெரியுமா?"

"தெரியாது பென்."

பந்தலைத் திரும்பிப் பார்த்தார். "தெரியாத காரியத்தைச் சொல்ல இவ்வளவு தூரம் எதுக்கு வந்தே? வந்ததுக்கு உட்காரு, சாப்பிடு" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைத்தார். அவரே அந்தப் பருப்பை எனக்குப் பரிமாறினார். நல்ல பருப்பு, வெல்லமும் புளியும் போட்டது. "நீங்களும் உட்காருங்க பென்" என்றேன். "எனக்கு இன்னைக்கு விரதம். பொண்ணோட அம்மா அல்லே, சடங்கு முடியணும்" என்றார்.

அந்த விரதம்தான் என்னைக் கொன்றது. உண்மையான விரதமா? அல்லது நான் சொன்னதைக் கேட்ட பிறகு பிடித்த விரதமா? பிற்பாடு வேறொரு குஜராத்தி அம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "இருக்கறவங்க இருப்பாங்க, இல்லாதவங்க சாப்பிடுவாங்க" என்றார். நல்ல பதில்! ஊர் முழுக்க உண்ணட்டும், பாவம் ஏதும் இருந்தால் அது தன்னோடு போகட்டும் என்று தனியாகச் சுமந்தாரா? அப்படியென்றால் அந்தச் சுமையை அவர் தலையில் கொண்டுபோய் வைத்தவள் நான்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் முருகேசன்மேல் கோபப்பட்டேன், முருகேசனுக்கு என்மேல் வருத்தம். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையுமே வாய்விட்டுச் சொல்வதில்லை. வண்டியின் பிரேக் போனதைக்கூடப் பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இரட்டைச் செம்பை என்ன செய்வது? சைவ அறையில் வைக்கத் துணிவில்லை. கறி அறையில் வைத்தால், அதில் ஒன்று உண்மையான சைவம் என்றால் அதையும் கெடுத்தவள் ஆவேன். இரண்டையும் நடையில் வைத்தேன். வாடகைக்கு விடவே இல்லை. மழைக்காலத்தில் நடை ஒழுகும் என்று குடை போட்டு வைத்தேன். கிடங்கிலேயே விலை கூடிய இரண்டு பாத்திரங்கள்! வியாபாரம் தெரிந்தவள் செய்கிற வேலையா இது?

ஹன்ஸா பென் வராமல் இருந்துவிடுவார் என்று நினைத்தேன். வந்தார். ஆனால் கேள்வி நின்றுபோயிற்று. காதைத் தடவவில்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை, "அந்த நாலு செம்பு ஏத்து" என்று முருகேசனிடம் சொல்லிவிட்டு ஓரமாக நிற்பார். இனிக் கேட்கவே வேண்டாம் என்ற அளவுக்கு நம்பிக்கையா? இவளைக் கேட்டு என்ன பயன் என்ற வெறுப்பா? அதுமட்டுமில்லை. நடையைக் கடக்கும்போதெல்லாம், புள்ளி வைத்த செம்பின் மேல் ஒரு நிமிடம் கை வைத்துவிட்டுப் போவார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குமல்லவா? குத்திக் காட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் நான் மூடி எண்ணுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். வருடக்கணக்கில் இப்படியே போயிற்று.

பிறகு சமையல் குத்தகைக்காரர்கள் வந்தார்கள். பாத்திரம், அடுப்பு, ஆள் எல்லாம் அவர்கள் வண்டியிலேயே வந்து இறங்கிற்று. எந்தச் செம்பில் எது வெந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, கேட்டாலும் பதில் சொல்லத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. ஹன்ஸா பென்னும் மகன் வேலை பார்க்கிற ராஜ்கோட்டுக்குப் போய்விட்டார். சொல்லிக்கொள்ள வந்த அன்றைக்கு நான் திருப்பூணித்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கேள்விப்பட்டபோது, வருத்தத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கடையை மூடி, செம்பெல்லாவற்றையும் பழைய உலோகம் வாங்குகிறவருக்குக் கொடுத்தேன். அவர் முதலில் எடுத்தது நடையில் இருந்த இரட்டையைத்தான். இரண்டையும் ஒரே தராசில் கவிழ்த்தார். எது எந்தப் பக்கம் இருந்தது என்று அப்போதே எனக்குக் குழம்பிப்போயிற்று. தலைவலி தீர்ந்தது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு மாதம் கழித்து ராஜ்கோட்டிலிருந்து போன் வந்தது.

"கடை பூட்டிட்டியாமே. அந்தச் செம்பு எங்கே?"

"எந்தச் செம்பு பென்?" தெரியாதது போலக் கேட்டேன்.

"நடையில இருந்தது. மூணு புள்ளி வச்சது."

"கொடுத்தாச்சு பென். உடைச்சிருப்பாங்க."

இதுதான் சமயம் என்று, இத்தனை வருடம் மென்று விழுங்கியதைச் சொல்லத் தொடங்கினேன். "பென், அது நம்மட செட்டுதானான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு..."

"அது நான் கேட்டேனா?" என்றார். குரல் உடைந்திருந்தது. "என் பொண்ணோட கல்யாணச் செம்பு அல்லே அது? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் வாங்கி வச்சிருப்பேனே."

அப்படியானால் அன்றைக்கு ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கலாம் போலிருந்தது. கேட்கவில்லை.

கிடங்கு இப்போது கண்ணாடிக் கதவு போட்ட காப்பிக்கடை. பட்டறைக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். பழைய உலோகம் வாங்கியவரிடம் அன்றைக்கே ஓடிப்போய்க் கேட்டேன். "அதெல்லாம் உருக்கிக் கம்பியாக்கி விட்டிருப்பாங்க இத்தா" என்றார். ஏதோ ஒரு வீட்டுச் சுவருக்குள் மின்சாரக் கம்பியாக ஓடிக்கொண்டிருக்கும். எந்த வீடு என்று யாரிடம் போய்க் கேட்பேன்?