கிளுவைக் குச்சிகள்

சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் கீழ்புத்துப்பட்டில் என் மாமனார் வீட்டுக் கிளுவை வேலியைப் பிடுங்கிப் போட்டார்கள். அவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் மனைவி அதில் ஐந்து குச்சிகளை வெட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு மரக்காணத்துக்கு வந்தாள். "அப்பா கையால நட்டதுல இதான் மிச்சம்" என்றாள். அழவில்லை. கையெல்லாம் முள் கீறல்.

அது சித்திரை. கோடையில் கிளுவை மொட்டையாகத்தான் நிற்கும். மழை விழுந்தால் துளிர்க்கும், கசக்கினால் கையெல்லாம் மணக்கும். அதுவரை உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான், நகத்தால் பட்டையைக் கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பது.

வாசலில் குழி தோண்டியவன் நான். உப்பளத்து ஆள். தென்னங்கன்று வைத்தால் எங்கள் பக்கம் குழியில் உப்பைப் போடுவோம். அந்தக் கைப்பழக்கத்தில் ஐந்து குழியிலும் ஒவ்வொரு பிடி போட்டுவிட்டேன். மறுநாள் அளத்தில் பெருமையாகச் சொன்னபோது கூட வேலை செய்பவர் சிரித்தார். "ஏம்பா, தென்னைக்குப் போட்டா கிளுவைக்கும் போடுவியா? வெந்து பூடும்பா."

அன்றைக்கே பிடுங்கி வேறு மண்ணில் நட்டிருக்கலாம். பிடுங்கினால் ஏன் என்று மனைவி கேட்பாள். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவள் தினமும் தண்ணீர் ஊற்றினாள், நான் தினமும் கீறிப் பார்த்தேன். "நகத்தாலயே கொன்னுடுவீங்க போல" என்று ஒருநாள் சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஐப்பசி மழையில் ஊரே பச்சையானது. எங்கள் வாசலில் ஐந்தும் விறகாக நின்றன. அப்போதுதான் உப்பு போட்டதைச் சொன்னேன்.

"தெரியும்ங்க" என்றாள். "முதல் குச்சி காஞ்சப்பவே மண்ணை நாக்குல வெச்சுப் பாத்தேன்."

எழுந்து எதிர்வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவர்கள் கிணற்றடியில் ஒரு முழக் குச்சி, நுனியில் புதுத் துளிர். மண்ணை ருசி பார்த்த அன்றைக்கே ஐந்தாவது குச்சியின் மேல்பாதியை வெட்டி இங்கே நட்டிருக்கிறாள். பட்டையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது குட்டையானது தெரியவில்லை. ஆறு மாசமாக என்னிடம் மூச்சு விடவில்லை.

"ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்."

வெட்கமாக இருந்தது. வேர் பிடித்துவிட்டது, நம் வாசலுக்கே கொண்டுபோய் வைக்கலாமா என்று கேட்டேன். இந்தத் தடவை வெறும் மண்தான் என்றும் சொன்னேன்.

அவள் துளிரைத் தொட்டுப் பார்த்தாள்.

"அங்க வேணாங்க. இங்கயே இருக்கட்டும்."