சூட்கேசில் ரைஸ் குக்கர்

பசித்த பிள்ளைகளுக்குக் காசு சேர்க்கும் நடைபயணத்துக்காக நான் குடியிருக்கும் டூங்கபியிலிருந்து தனியாக அயர்லாந்து போனேன். வெள்ளைக்காரச் சாப்பாடு சரிவராதென்று சூட்கேசில் ரைஸ் குக்கரும் அரிசியும் கொண்டுபோயிருந்தேன். தங்கவைத்த வீட்டுக்காரி சாப்பிடக் கூப்பிட, "பசியில்லை" என்றுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ரைஸ் குக்கரிலேயே காய்ந்த செத்தல் மிளகாயைப் பொரித்தேன், அறிவுகெட்டவள்!

புகை அலாரம் அலறியது. நடக்க வந்து அதே வீட்டில் தங்கியிருந்த எல்லாரும் வெளியே ஓடி, மழையில் நனைந்தபடி இருமினார்கள். ஒருவராவது என்னை ஏசியிருக்கலாம்.

பிறகு அந்த வீட்டுக்கார மனுசி என்னைக் குசினிக்குக் கூட்டிப்போனா. மேசையில் எனக்கென்று சமைத்த சோறும் பருப்பும் ஆறிக்கிடந்தன. பக்கத்தில் புதிதாக வாங்கிய மிளகாய்த்தூள் போத்தல், இன்னும் திறக்கவில்லை.

"உறைப்புக் காணுமோ, போதாதோ தெரியாது" என்று இங்கிலிஷில் சொல்லி, அவதான் கூச்சப்பட்டா.