சீப்புச் சின்னத்தில் நின்ற அத்தை

என் குரல் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு முகம் கூசும். பத்து வயதில் அந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் அப்படி.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். அந்த வருஷம் சீசன் முடிந்த கையோடு பேரூராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மரக்கடை அண்ணாச்சி தன் மனைவியை நிறுத்தினார். நோட்டீசில் அவர் படம் பெரிதாகவும், வேட்பாளர் படம் தபால்தலை அளவிலும் இருந்தன. எதிர்த்து நின்றவள் என் அத்தை. அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். யாரும் சொல்லாமல் தானாக நின்றாள் என்பதே ஊருக்குப் பெரிய பேச்சாக இருந்தது.

குளத்தங்கரையில் சீசன் வேன்கள் வந்து நிற்கும் பொட்டல் ஒன்று உண்டு. இரண்டு பேருக்கும் கண் அதன் மேல்தான். அங்கே கலையரங்கம் கட்டி, கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் இன்னிசைக் கச்சேரி வைப்போம் என்றார் அண்ணாச்சி. பெண் பிள்ளைகள் விளையாடச் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் வைத்த மைதானம் வேண்டும் என்றாள் அத்தை. நாங்கள்தான் தெருவிலேயே இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தோமே, சுவர் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நான் கச்சேரிக் கட்சி.

போதாக்குறைக்கு அத்தைக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டதும் பையன்கள் தலை வார ஆரம்பித்தார்கள். பண்பொழி முருகன் கோயிலில் மொட்டை போட்டுவிட்டு வந்தவன்கூட வாரினான். எனக்கு அத்தை மேல் ஆத்திரமாக வந்தது.

ஒரு சாயங்காலம் அண்ணாச்சியின் பிரச்சார ஆட்டோ பள்ளிக்கூட வாசலில் நின்றது. மைக் பிடிக்கும் அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. யாருக்குச் சத்தமாகப் பேச வரும் என்று கேட்டார். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான், முந்திக்கொண்டு ஏறினேன்.

“வாக்களிப்பீர் பூட்டு சாவி சின்னத்துக்கு” என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்தது. என் குரலே எனக்குப் பெரிதாகக் கேட்டதும் தலைகால் புரியவில்லை. “கொடைக்குக் கச்சேரி வேணுமா, தலைக்குச் சீப்பு வேணுமா?” என்று சொந்தமாக ஒன்று சேர்த்தேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். “அதையே சொல்லு ஏட்டி,” என்றார்.

ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பியது. ஒரு வீட்டு வாசலில் அத்தை கையில் நோட்டீசோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பினாள். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். பயத்தில் இன்னும் உரக்கச் சொன்னேன். ஆட்டோ போக இடம் விட்டு அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

வீட்டில் அம்மா கரண்டியோடு வந்தாள். “இந்த வீட்டுச் சோத்தத் தின்னுட்டு அவனுக்குக் கத்திட்டு வருதா பாரு,” என்றாள்.

அத்தை குறுக்கே வந்து நின்றாள். “விடுங்க மதினி. சின்னப் பிள்ள. குரலு எப்படிக் கணீர்னு இருக்கு. எனக்குத்தான் இப்படிச் சொல்லத் தெரியாமப் போச்சு.”

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

வாக்குப்பதிவு வரை ஊர்ப் பிள்ளைகள் வாயில் என் வரிதான். அத்தை விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகளில் தோற்றாள். கலையரங்கம் வந்தது. கச்சேரி ஒரே ஒரு கொடைக்கு நடந்தது. பிறகு அந்த மேடையில் ஆண்கள் உட்கார்ந்து சீட்டாடினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து நான் பெரியவளானேன், எனக்குச் சடங்கு வைத்தார்கள். அது முடிந்த மறுவாரம், வழக்கம்போல் ரப்பர் பந்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

“எங்க போற? தெருவுல ஆம்பளப் பயலுவ நிக்கானுவ. இனிமே விளையாட்டுக்குன்னு வெளிய இறங்காத,” என்றாள் அம்மா.

நான் அழுதேன், கத்தினேன். பந்தை அம்மா வாங்கி அலமாரிக்கு மேல் வைத்தாள். முன்னறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் நின்றது, பிறகு மறுபடியும் ஓடியது.

அன்றைக்கும் எனக்கு அம்மா மேல்தான் கோபம். அத்தை வீடு வீடாகப் படியேறி யாருக்காகச் சுவர் வைத்த அந்த மைதானத்தைக் கேட்டாள் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.