வெங்காயம் என்று காதில் விழுந்தது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் மாமியார் இதைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே என் வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். வெடுக்கென்று ஒன்றைச் சொல்லி இருக்கிறவர்களை எல்லாம் சிரிக்க வைத்துவிடுவேன். சொல்லப்பட்ட ஆள் சிரித்தாரா என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம்தான் கிடையாது. இந்த வாயால் வந்த வினைகளில் பலவற்றை மறந்துவிட்டேன். ஒன்று மட்டும் போக மாட்டேன் என்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் வீடு. தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் போய் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், கடைக்காரர்களின் பிள்ளைகள் என்று நாற்பது பேருக்கு மேல். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எனக்குத் தெரிந்த தெலுங்கு ‘ரா’, ‘போ’ இரண்டும்தான். ராஜபாளையத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

அந்த வருஷம் ஆசிரியர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். பிள்ளைகளின் மனசைத் தெரிந்துகொள்ள விளையாட்டுச் சொல்லித் தரப்போகிறோம் என்றார்கள். வேட்டி கட்டிய சார்களும் பட்டுக்கரைச் சேலை டீச்சர்களும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து ஒரு துணிப்பந்தைத் தூக்கிப் போட்டு விளையாடினோம். பந்து யார் கைக்கு வருகிறதோ அவர், இந்த நிமிஷம் தன் மனசு எப்படி இருக்கிறது என்று ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும். ஓய்வுக்கு ஆறு மாதமே இருந்த ஒரு சார் பந்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, “பசிக்கு” என்றார். கூடமே சிரித்தது. பயிற்சி நடத்திய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கரும்பலகையில் ‘பசி’ என்று எழுதினார்.

“இந்த விளையாட்டுல அவுட் கிடையாது, ஜெயிக்கிறது தோக்குறது கிடையாது. ஒரே ஒரு சட்டம்தான். யாரும் சிரிக்கக் கூடாது. முதல்ல டீச்சர் சிரிக்கக் கூடாது” என்றார்.

நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அடிக்கோடு போடுவதில் எனக்கு நிகர் யாருமில்லை.

திங்கட்கிழமையே ஆரம்பித்தேன். ஒரு பையன் அவன் அப்பா வேலை பார்க்கும் மில்லிலிருந்து ஒரு பை கழிவுப் பஞ்சு கொண்டுவந்தான். என் பழைய ஜாக்கெட் துணியில் அதை அடைத்துப் பந்து தைத்தேன். கடைசி பீரியடில் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தோம். “கடுப்பா இருக்கு டீச்சர், எங்கண்ணன் பென்சில ஒடிச்சுட்டான்” என்றது ஒன்று. “ஜாலியா இருக்கு, சினிமாவுக்குப் போறோம்” என்றது ஒன்று. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மற்ற வகுப்புகளில் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருக்க, என் வகுப்பு மட்டும் மனசைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது என்ற பெருமை வேறு.

பந்து அந்தப் பெண்ணின் கைக்குப் போனது. மூன்றாம் பெஞ்சுக்காரி, அதிகம் பேசாதவள். ஒரு மாதமாகவே அவளுடைய இரட்டைச் சடையில் ஒன்று காதுக்கு மேலேயும் ஒன்று கழுத்துக்குக் கீழேயுமாக இருந்தது. ‘வீட்டுல கண்ணாடி இல்லையா?’ என்று அதற்கும் ஒருநாள் கேட்டிருந்தேன். யார் பின்னி விடுகிறார்கள் என்று கேட்கவில்லை.

பந்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஏதோ சொன்னாள். சன்னமான குரல். ‘பெங்கயா இருக்கு டீச்சர்’ என்றுதான் சொல்லியிருக்கிறாள். என் காதில் விழுந்தது வெங்காயம்.

“வெங்காயமா இருக்கா? ஏட்டி, அப்ப உரிச்சுப் பாத்தா உள்ள ஒண்ணுமே இருக்காதே!” என்றேன்.

சொல்லிவிட்டு நானே முதலில் சிரித்தேன். மரத்தடி முழுக்கச் சிரிப்பு. தெலுங்கு பேசும் இன்னொரு பெண் எழுந்து, “டீச்சர், அது வெங்காயம் இல்ல, அவ என்ன சொல்லுதான்னா...” என்று ஆரம்பித்தாள். “நீ உக்காரு, உன் முறை வரும்” என்றேன். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியையான பெரிய டீச்சர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நான் பந்தை வாங்கி அடுத்த பிள்ளைக்குப் போட்டுவிட்டேன். சாயங்காலம் கேட்டைத் தாண்டுவதற்குள் அவளுக்கு ‘வெங்காயம்’ என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

பெரிய டீச்சர் மறுநாள் கூப்பிட்டு, “விளையாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா சந்தைக்கடையாயிரக் கூடாது” என்றார்கள். அதற்காக நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வாயில் வந்ததைச் சொல்ல வேண்டாம். ஒரு சார்ட்டில் பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதி, இனிப்பு, புளிப்பு, காரம், கசப்பு என்று நாலு கட்டம் போட்டேன். மனசு எப்படி இருக்கிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்ட வேண்டும். சத்தம் இல்லை, சிரிப்பு இல்லை, பார்க்கவும் அழகாக இருந்தது. அவள் சொன்ன வார்த்தைக்கு அதில் கட்டம் இல்லை.

அவள் அன்று முதல் இனிப்பில்தான் ஒட்டினாள். மறுநாளும் இனிப்பு. அடுத்த வாரமும் இனிப்பு. மற்ற பிள்ளைகளின் பொட்டு நாலு கட்டத்திலும் அலையும். இவளுடையது மட்டும் ஒரே இடத்தில் கோலப்புள்ளி மாதிரி சேர்ந்துகொண்டே போனது. கண்ணாடி விளையாட்டு என்று இன்னொன்றும் உண்டு. ஒருத்தி முகத்தில் காட்டுவதை எதிரே இருப்பவள் அப்படியே காட்ட வேண்டும். அவளுக்கு ஜோடியாகப் போட்ட பெண் வந்து, “டீச்சர், இவ மூஞ்சியில ஒண்ணுமே காட்ட மாட்டேங்கா” என்று புகார் சொன்னாள். “சரி, வேற ஜோடி மாத்திக்கோ” என்றேன். இதற்கு எனக்குப் பயிற்சி வேறு கொடுத்திருந்தார்கள்!

இரண்டு மாதம் கழித்து, சார்ட்டுகளை எடுத்துக்கொண்டு வரும்படி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தகவல் வந்தது. அந்தச் சனிக்கிழமை கூட்டம். வியாழனன்று பெரிய டீச்சரின் அறையில் சார்ட்டை மேஜையில் விரித்து, ‘முதல் நாள் வெங்காயம் என்று சொன்ன பிள்ளைகூட இப்போது தினமும் இனிப்பு’ என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவளுடைய அம்மா வந்தார். இடுப்பில் கைக்குழந்தை. வெயிலில் நடந்து முகம் கருத்திருந்தது. வீட்டில் சண்டையாகி, பால்குடிப் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு கூமாப்பட்டியில் அண்ணன் வீட்டுக்குப் போய் மூன்று மாதமாகிவிட்டது என்று நின்றுகொண்டே சொன்னார். மூத்தவள் அப்பாவிடமும் அத்தையிடமும் இருக்கிறாளாம். அதுவரை எனக்கு அது தெரியாது.

“எம்பிள்ளைக்குப் பெங்க ஒண்ணும் இல்லையே டீச்சர்?” என்று கேட்டார்.

எனக்குச் சுரீர் என்றது. “பெங்கன்னா?” என்றேன்.

“எங்க பாசையில சொல்லுறது டீச்சர். ஆளைத் தேடி ஏங்கிப் போறது இருக்குல்லா, சோறு எறங்காம... அது. தேடி அழுதான்னா கூட்டிட்டுப் போயிருவோம்னு வந்தேன். அண்ணன் வீட்டுல எடம் கொஞ்சந்தான். இருந்தாலும் அங்க பள்ளிக்கூடத்துல சேத்துக்கிடலாம்ல.”

இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. ‘முதல் நாளே அவள் அதைத்தான் சொன்னாள், நான்தான் சிரித்துவிட்டேன்’ என்பது அந்தப் பதில். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெரிய டீச்சர் சார்ட்டைக் காட்டி, “நீங்களே பாருங்கம்மா. உங்க பிள்ளை ஒருநாள்கூட வாடல. அம்புட்டும் இனிப்பு” என்றார்கள். வேறு நேரமாக இருந்தால் நூறு வார்த்தை பேசுகிறவள், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவள்போல நின்றேன். பயம் ஒரு பக்கம். சனிக்கிழமைக் கூட்டம் ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலே வீம்பு.

அந்த அம்மா சார்ட்டைத் தொட்டுப் பார்த்தார். மகளின் வரிசையில் விரலை வைத்து முதல் பொட்டிலிருந்து கடைசிப் பொட்டு வரை மெதுவாக நகர்த்தினார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

“அப்ப என்னையத் தேடல” என்றார். சார்ட்டிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, “நல்லதுதான். இங்கனயே இருக்கட்டும்” என்றார்.

பிள்ளையைக் கூப்பிடவா என்று பெரிய டீச்சர் கேட்டதற்கு, “வேண்டாம் டீச்சர். பாத்தா நெனப்பு வந்துரும். நான் வந்தேன்னும் சொல்லாதீங்க” என்றார். பையிலிருந்து ஒரு பால்கோவா பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறும்போது வாங்கியிருப்பார். ஜன்னல் வழியே பார்த்தேன். கேட் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் போனார். ஓடிப்போய்க் கூப்பிட இருபது அடி வைத்தால் போதும். நான் வைக்கவில்லை.

பொட்டலத்தை என்ன செய்வது? விளையாட்டில் நன்றாக விளையாடியதற்குப் பரிசு என்று சொல்லி அவளிடம் கொடுத்தேன். அவள் வகுப்பு முழுவதற்கும் ஆளுக்கொரு கிள்ளு கொடுத்துவிட்டுக் கடைசியில் காகிதத்தை நக்கினாள். பிறகு சார்ட்டுக்குப் போய் இனிப்பில் ஒரு பொட்டை ஒட்டினாள். அன்றைக்குப் பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரை அழுதேன். பக்கத்தில் இருந்தவர் யார் வீட்டில் துஷ்டி, செத்தது யார் என்று கேட்டார்.

சனிக்கிழமை என் சார்ட்டுக்குக் கைதட்டினார்கள். பந்து விளையாட்டு நடத்திய அம்மா மட்டும் அந்த ஒரு வரிசையைப் பார்த்துவிட்டு, “இந்தப் பிள்ளை ஏன் ஒரே இடத்துல நிக்குது?” என்று கேட்டார். “ரொம்ப சமத்து மேடம்” என்றேன்.

கூமாப்பட்டி ஒன்றும் காசி இல்லை. எங்கள் ஊரிலிருந்து வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினால் காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். ஒரு வாரம் தலைவலி, ஒரு வாரம் விருந்தாள். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியதில் வருஷம் முடிந்து அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். எனக்குக் கல்யாணமாகி வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். சார்ட்டைப் பரண்மேல் போட்டேன். துணிப்பந்தை எங்கே விட்டேன் என்று ஞாபகம் இல்லை.

ஏழெட்டு வருஷம் போயிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபோது, “டீச்சர்!” என்று ஒரு பெண் வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். மில்லுக்குப் போகிற பெண் என்பது தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சிலேயே தெரிந்தது. யாரென்று எனக்குத் தெரியவில்லை. “வெங்காயம், டீச்சர்” என்று அவளே சொன்னாள்.

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். “கூமாப்பட்டியிலேயே இருந்துட்டாங்க. பொங்கலுக்குப் போவேன், ரெண்டு நாள் இருந்துட்டு வந்துருவேன்” என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. வேறு யார் வீட்டு விசேஷத்தையோ சொல்வதுபோல இருந்தது.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அம்மா உன்னைக் கூட்டிப்போகத்தான் வந்தார், நான்தான் வாய் திறக்கவில்லை என்று சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், அந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டேன்.

“அம்மாமேல பெங்கயா இருக்காடா உனக்கு?” என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

“அது வெறும் வெங்காயம் டீச்சர். உரிச்சுப் பாத்தா உள்ள ஒண்ணும் இருக்காது. நீங்கதான சொன்னிய.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் அன்றைக்கும் நான் சிரித்துவிட்டேன்.