நீல ஓரம்

வளைகுடாப் பக்கம், தேராவில் பழைய சாமான் விற்கும் கடையில் என் மகன் இரண்டு கிரிக்கெட் அட்டைகளை நீட்டினான்.

"ரெண்டும் சேம்தானே மம்மி?"

அதே வீரர், அதே படம். ஒன்றுக்கு நீல ஓரம், மற்றதற்கு மஞ்சள். அட்டையில் பபிள்கம் வாசனை லேசாக மிச்சமிருந்தது.

என் சின்ன வயதில் இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் ஃபிளாட். அண்ணாவும் நானும் ஏசிக்கு அடியில் இந்த அட்டைகளைப் பரப்பிவைத்துச் சண்டை போடுவோம். கீழ்க்கடையில் கிடைத்ததெல்லாம் நீல ஓரம் போட்டவை.

அண்ணாவுக்கு ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று அம்மா அவனைச் சென்னைக்குக் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கத்தினான்: "நம்மகிட்ட இருக்கறது போன வருஷத்து பிரிண்ட்டுடி! இங்க புதுசு வந்திருச்சு. படம் அதேதான், ஓரம் மஞ்சள். பின்னாடி ரன்னெல்லாம் ஏறியிருக்கு!"

ஊரிலிருந்து வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பினான். எல்லாம் மஞ்சள்.

பிறகு அவன் போனில் வரவில்லை. "தூங்குறான்மா" என்பார் அப்பா. லீவு கேட்டு அலைந்தார். அவருடைய பாஸ்போர்ட் வேலை பார்த்த கம்பெனியிடம் இருந்தது, கொடுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, சவரம் செய்யாத முகத்தோடு ஒரு கவரை நீட்டினார்.

"அண்ணா குடுத்தனுப்பியிருக்கான்."

பிரித்தேன். அத்தனையும் நீல ஓரம்.

அண்ணா செத்துப்போனதை என்னிடம் வேறு யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு நீலமும் மஞ்சளும் ஒன்றுதான்.

"பிடிச்சிருக்கா?"

"ரொம்ப. தேங்க்ஸ் சொல்லுங்கப்பா."

"சொல்றேம்மா" என்று பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமையும் கொண்டுவந்தார்.

"மம்மி, சேம்தானே?"

"சேம்தான்" என்று இரண்டையும் அவன் கையிலிருந்து வாங்கிக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன்.